ஒரு மாணவன், இரண்டு பட்டம்



சென்ற வருடம் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பேச நம் கல்லூரிக்கு வந்திருந்தேன். பேசி முடித்து கேண்டீன் பக்கம் நடக்கும்போது இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவர் கூடவே வந்தார். "அண்ணா, பி.இ. கூடவே பி.காமும் சேத்துப் படிச்சரலாமுங்களா?" என்று கேட்டார். டீ ஆறியதுதான் மிச்சம், என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை 2009-ல் நானும் கேட்டுக்கொண்டு அலைந்தவன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இந்த மலரில் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு.

1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியில் வந்தவை நம் கலை அறிவியல் கல்லூரிகள். அங்கே ஒரு மேஜர், அதற்குத் துணையாக ஆன்சிலரி. கணிதம் படித்தால் இயற்பியல் துணைக்கு வரும், அவ்வளவுதான். பக்கத்தில் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பி.எஸ்ஸி. மாணவர் மூன்று பாடங்களைச் சம அளவில் படிக்கும் முறை இருந்தது. நம் பக்கம் "ஒன்றைப் படி, உருப்படியாகப் படி" என்பதே கொள்கை.

இந்தக் கொள்கையைக் கேள்வி கேட்டவர் நம் கோவையிலேயே இருந்தார். ஜி.டி. நாயுடு அவர்களைத்தான் சொல்கிறேன். 1945-ல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி (இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி.) உருவானபோது அதற்குப் பின்னால் நின்றவர் அவர். இன்ஜினியரிங் படிப்புக்கு நான்கு வருடம் எதற்கு, இரண்டே வருடத்தில் சொல்லித் தந்துவிடலாமே என்று வாதாடினார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். அவர் கணக்கு மட்டும் சரி என்றால், நாம் படித்த நான்கு வருடத்தில் இரண்டு இன்ஜினியரிங் முடித்திருக்கலாம்!

பிறகு வேறு வழிகள் வந்தன. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்பில் வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும், ஐந்து வருடம். பட்டம் ஒன்றுதான், ஆனால் கை இரண்டு விதமாகப் பழகும். 1964-ல் நிறுவப்பட்ட பிலானி பிட்ஸ் ஐந்து வருடத்தில் எம்.எஸ்ஸி., பி.இ. என இரண்டு பட்டங்கள் தரும் முறையைக் கொண்டுவந்தது. முதலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இரண்டாவது பட்டப் படிப்பு ஒதுக்குவார்கள். மற்ற கல்லூரிகளில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சமயத்தில் ஒரு பட்டம் என்பதே விதி.

நம் திருப்பூர் மட்டும் இந்த விதியை என்றைக்கும் மதித்ததில்லை. 1925 வாக்கில் குலாம் காதர் அவர்கள் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு சுற்று வட்டாரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கைமடியாக உள்ளே வந்தார்கள். ஓவர்லாக், பேட்லாக், கட்டிங், செக்கிங் என்று ஒவ்வொன்றாகக் கற்று, கடைசியில் தாங்களே கம்பெனி போட்டார்கள். தொழிலாளியாக நுழைந்தவர் முதலாளியான இந்தக் கதையைத்தான் ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் 'பிரேட்டர்னல் கேப்பிடல்' என்ற நூலாக எழுதினார். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-சர்ட் தேடி வந்தார். அதோடு ஏற்றுமதி, வங்கிக் கடிதம், டாலர் கணக்கு எல்லாம் புதிய பாடங்களாகச் சேர்ந்தன. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது, 1997-ல் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி வந்தது. அதற்கு முன்பு இத்தனை பாடங்களுக்கும் ஊரில் ஒரே கல்லூரி, பனியன் கம்பெனிதான்.

இப்போது என் கதை. 2008-ல் மெக்கானிக்கலில் சேர்ந்தேன். அப்பாவுக்கு நான்கு நிட்டிங் மெஷின், ஜாப் ஒர்க். மெஷினை அப்பா பார்த்துக்கொள்வார், கணக்கில்தான் கோட்டை விடுவார். பில் போட்டுப் பணம் வராத துணியே ஒரு லாரி தேறும். ஆகவே தபால் வழியில் பி.காம். படித்தே தீருவது என்று இறங்கினேன். விண்ணப்பமும் வாங்கியாகிவிட்டது. விசாரித்தால், ஒரே காலத்தில் வாங்கும் இரண்டு பட்டம் செல்லாது என்றார்கள். "யாருக்குடா தெரியப்போவுது, கட்டுடா பீஸை" என்றான் அறைத்தோழன். அவன் கட்டினான். நான் வீட்டில் வந்து கேட்டேன்.

அப்பா சொன்னது இது: "ஏங்கண்ணு, ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு நிக்காத. கணக்குதான வேணும்? ஞாயித்துக்கெழம மாமங்கூட உக்காந்து கத்துக்க."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் உட்கார்ந்தேன். எட்டு மாதத்தில் காஸ்டிங், பில், வட்டிக் கணக்கு எல்லாம் கைக்கு வந்துவிட்டது. பட்டம் இல்லை, பாடம் வந்தது. தோழனுக்கு நேர்ந்தது வேறு. பின்னாளில் ஓர் அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டு பட்டத்திலும் ஒரே வருடங்கள் இருப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். மூன்று வருட உழைப்பை அவன் விண்ணப்பத்தில் காட்ட முடியாமல் போனது.

மூன்றாம் ஆண்டில் இன்னொரு பாடம் காத்திருந்தது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக் கழிவுநீர் தேங்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்ற உத்தரவு சரியாக நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் போட இடமில்லை என்றால் துணி நெய்து என்ன பயன்? அப்பாவின் நான்கு மெஷினும் நின்றன. என் செமஸ்டர் பீஸுக்கு அம்மாவின் வளையல் போனது.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுக்கு பி.காம். தேவைப்படவில்லை, தண்ணீரைப் பற்றிய வேதியியல்தான் தேவைப்பட்டது. முதலாண்டில் "பாஸானால் போதும்" என்று ஒதுக்கிய பாடம்! நூலகத்தில் அதைத் திரும்ப எடுத்தேன். இன்று நான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆவியாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். சாயக் கழிவை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்.ஓ.வில் பிரித்து, மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து உப்பைத் திரும்ப எடுக்கிறோம். கொதிகலனும் பம்பும் மெக்கானிக்கல். உள்ளே ஓடுவது வேதியியல். ஒரு டன் நீராவிக்கு என்ன செலவு என்பது மாமாவிடம் கற்ற கணக்கு.

2022 ஏப்ரலில் யு.ஜி.சி. விதியை மாற்றியது. வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால் ஒரே சமயத்தில் இரண்டு முழுநேரப் பட்டம் படிக்கலாம். ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் படிக்கலாம். எங்களுக்கு மூடியிருந்த கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. கூடுதல் கிரெடிட் எடுத்து மைனர் பட்டம் பெறும் வழியும் இன்ஜினியரிங்கில் வந்துவிட்டது.

ஆகவே அந்தத் தம்பிக்கு என் பதில்: படிக்கலாம். ஆனால் சேருமுன் பல்கலைக்கழக விதியை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பட்டத்தில் அரியர் இருந்தால் இரண்டாவதைத் தொடாதீர்கள். வேண்டியது பட்டமா பாடமா என்று உங்களையே கேளுங்கள். பாடம் மட்டும் போதும் என்றால், அதைச் சொல்லித்தர வீட்டிலேயே ஒரு மாமா இருக்கக்கூடும். எது தேவைப்படும் என்று பத்தொன்பது வயதில் நான் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. உங்கள் கணக்கும் தப்பலாம். அப்போது மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தயங்காதீர்கள்.

அப்பாவின் மெஷின்களில் இரண்டு இன்றும் ஓடுகின்றன. பில் நான்தான் போடுகிறேன்.

வாழ்க நம் கல்லூரி!