தளத்தின் பெயர் சர்வருக்குப் போகாது

போன வாரம் எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத் தளத்தில் ஓய்வூதிய அரசாணைகளை ஏற்றினேன். நாற்பது கோப்புகளும் பழைய மாணவர் மன்றத் தளத்துக்குப் போய்விட்டன. இரண்டும் ஒரே சர்வரில் இருப்பவை. குடும்ப ஓய்வூதியப் படிவத்துக்காக ஒரு மூத்த ஆசிரியை இரண்டு நாள் தேடியிருக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

சர்வர் பெயர் கேட்ட இடத்தில் சங்கத்தின் பெயரைத்தானே கொடுத்தேன்? சர்வரை அமைத்துக்கொடுத்த என் பழைய மாணவன் சிரித்தான். "சார், எஃப்.டி.பி.யில் அந்தப் பெயர் சர்வர் வரைக்கும் போகவே போகாது."

ஏன் என்று தேடியபோது ஒரு நல்ல வரலாறு கிடைத்தது.

எஃப்.டி.பி.யின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் நம் நாட்டுக்காரர், அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர், அப்போது எம்.ஐ.டி.யில் இருந்தார். அன்றைய அர்பாநெட்டில் இருபது சொச்சம் கணினிகள்தான். ஒரு கணினிக்குள் பல தளங்கள் குடியிருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? டொமைன் பெயர் முறையே 1983இல்தான் வந்தது. 1985இல் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எஃப்.டி.பி. விதிகளைத் திருத்தி எழுதினார்கள். அப்போதும் "எந்தத் தளத்துக்கு வந்தாய்?" என்று கேட்க இடம் வைக்கவில்லை. நாம் அடிக்கும் பெயர் நம் கணினியிலேயே ஐ.பி. எண்ணாக மாறிவிடுகிறது. சர்வருக்குத் தெரிவது அந்த எண்ணும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான்.

வலைத்தளங்களுக்கும் இதே குறை இருந்தது. 1997இல் வந்த எச்.டி.டி.பி. 1.1, ஒவ்வொரு கோரிக்கையிலும் தளத்தின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று விதித்தது. எஃப்.டி.பி.க்கு அந்த வசதி வரவில்லை. தளத்துக்கு ஓர் ஐ.பி. எண் கொடுக்கலாம்தான், ஆனால் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள், மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது.

அதனால் சர்வர் நடத்துபவர்கள் நம் வருகைப் பதிவேட்டு வழியைப் பிடித்தார்கள். ஒரே வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் என்ன செய்வோம்? க. முருகன், செ. முருகன் என்று இனிஷியலோடு கூப்பிடுவோம். அதுபோலப் பயனர் பெயருக்குப் பின்னால் @ போட்டுத் தளத்தின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் சர்வர் உரிய கோப்புறைக்குள் விடுகிறது. வேறு கோப்புறைக்குப் போக முடியாதபடி பூட்டியும் வைக்கிறது. நான் தவறியது இங்கேதான். @க்குப் பின்னால் மன்றத்தின் பெயரை அடித்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்த சோம்பேறித்தனமும் சேர்ந்துகொண்டது.

தளத்தின் பெயரைச் சொல்ல ஹோஸ்ட் என்ற கட்டளை எஃப்.டி.பி.க்கு முறைப்படி வந்தது 2014 மார்ச்சில். முதல் வரைவிலிருந்து 43 ஆண்டுகள்! பெரும்பாலோர் அதற்குள் இனிஷியலுக்குப் பழகிவிட்டார்கள். சாதாரண எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகும் என்பதும் பெரிய குறை. 2021இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் கைவிட்டன.

மாணவன் எங்களை எஸ்.எஃப்.டி.பி.க்கு மாற்றிவிட்டான். அதில் கடவுச்சொல் மறைந்து போகும். தளத்தின் பெயர் மட்டும் அதிலும் போகாதாம். ஆகவே இனிஷியல் தொடர்கிறது. கடவுச்சொற்களை வேறுவேறாக்கிவிட்டேன். அரசாணைகள் இப்போது சங்கத் தளத்திலேயே இருக்கின்றன. குடும்ப ஓய்வூதியப் படிவம் முதல் வரிசையில்.