கூடு ஓரிடம், மெஷின் ஓரிடம்

1698ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு வினோதமான ஏற்றுமதியைத் தடை செய்தது. உள்ளே மெஷின் இல்லாத வெறும் கடிகாரக் கூடுகளையும் டயல்களையும் இனி யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. காரணம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. லண்டனில் செய்த அழகிய கூடுகள் கப்பலேறிப் போயின. போன இடத்தில் அவற்றுக்குள் மட்டமான மெஷின்கள் பொருத்தப்பட்டன. மேலே லண்டன் கைவினைஞர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டு, லண்டன் கடிகாரத்தின் விலைக்கே அவை விற்கப்பட்டன. வெளியே போகும் கடிகாரம் ஓடும் நிலையில் முழுதாக இருக்க வேண்டும், செய்தவர் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது.

இணைய ஏலத்தில் 1960களின் கைக்கடிகாரம் ஒன்றைப் பார்த்து, படத்தை விரல்களால் பெரிதாக்கி, வாங்கலாமா விடலாமா என்று யோசிப்பவரின் சிக்கலுக்கு அவ்வளவு வயதாகிறது. பழைய கடிகாரச் சந்தையில் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது அடி முதல் நுனி வரை போலியான பொருள் இல்லை. உண்மையான உறுப்புகளைப் பொய்யாகக் கோத்த பொருள்தான் அந்த வேலையைச் செய்கிறது. கூடு உண்மை, மெஷின் உண்மை, முள் உண்மை. மூன்றும் ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒன்றாக வந்தவை என்பது மட்டும் பொய். இப்படிச் சேர்த்தவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘ஃபிராங்கன் வாட்ச்’ என்கிறார்கள்.

அந்நாளைய லண்டனில் பெயர்தான் பிணை. 1631இல் அரச சாசனம் பெற்ற கடிகாரக் கைவினைஞர் சங்கத்துக்குப் பட்டறைகளுக்குள் புகுந்து சோதிக்கவும், மட்டமான வேலையைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் இருந்தது. தாமஸ் டாம்பியன் போன்ற பேர்போன கைவினைஞர் தம் படைப்புகளுக்கு வரிசை எண்ணும் இட்டார். ஆனால் பெயருக்கு மதிப்பு ஏற ஏற, அதைத் திருடுவதற்கான ஆசையும் ஏறியது. 18ஆம் நூற்றாண்டில் ‘டார்ட்ஸ், லண்டன்’, ‘வில்டர், லண்டன்’ என்ற கையெழுத்தோடு ஏராளமான பாக்கெட் கடிகாரங்கள் ஐரோப்பியச் சந்தைகளில் புழங்கின. அந்தப் பெயர்கள் கற்பனை என்பதே கடிகார வரலாறு எழுதியவர்களின் கணிப்பு. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரைத் திருடினால்தானே வழக்கு வரும்? ‘லண்டன்’ என்ற ஊர்ப்பெயர் ஒன்றே விற்பனைக்குப் போதுமானதாக இருந்தது.

பாரிஸில் ஆபிரகாம் லூயி பிரெகே என்ற கடிகாரக் கைவினைஞர் இதே தொல்லைக்கு ஆளானார். 1795 வாக்கில் அவர் ஒரு வழி கண்டார். எனாமல் டயலில், 12 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், மிக நுண்ணிய கையெழுத்து ஒன்றைக் கருவியால் கீறி வைத்தார். நேராகப் பார்த்தால் அது தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே புலப்படும். எந்த எண்ணுள்ள கடிகாரம் யாருக்கு விற்கப்பட்டது என்ற கணக்கும் அவருடைய நிறுவனத்தின் பேரேடுகளில் ஏறியது. பெயர், எண், காகிதம் என்று மூன்று சாட்சிகள் அமைந்தன. இன்றைக்கும் பழைய கடிகார வியாபாரம் இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

இந்தியாவில் நான்காவது சாட்சியாகக் கடைக்காரர் வந்தார். சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ், ஐரோப்பாவில் செய்த கடிகாரங்களின் டயலில் தன் பெயரையும் மதராஸ் என்ற ஊரையும் பொறித்து விற்றது. ‘வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி’ டயல்களில் பம்பாயும் கல்கத்தாவும் இடம்பெற்றன. ஃபாவர் லூபா என்ற சுவிஸ் நிறுவனம் 1865இலேயே பம்பாய்க்கு வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பட்டறையை நேரில் காணப்போகாத வாடிக்கையாளர், கோளாறு வந்தால் எந்தக் கடைக்குப் போய் நிற்கலாம் என்பதை டயலிலேயே படித்துக்கொண்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி இறுகியது. வெளிநாட்டுக் கடிகாரம் கிடைப்பது அரிதாகி, கடத்தல் சரக்கு பெருகியது. சென்னையில் பர்மா பஜார் போன்ற இடங்களில் பில் இல்லாமல் ‘ஃபாரின் வாட்ச்’ வாங்கியவர்கள் பெயரையும் பளபளப்பையும் மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் எச்எம்டி தன் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று அதன் மாடல்கள் நாடெங்கும் போயின. மாப்பிள்ளைக்குப் போடுவது எச்எம்டி, பணி ஓய்வுக்கு அலுவலகம் கொடுப்பது எச்எம்டி என்ற காலம் அது. 1984இல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து நிறுவிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை அனுப்பத் தொடங்கியதும் சாவி கொடுக்கும் கடிகாரத்தின் செல்வாக்கு சரிந்தது. எச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியபோதே, மேசை அறைகளில் கிடந்த ஜனதாவும் பைலட்டும் சேகரிப்புப் பொருள்களாகிவிட்டன.

இங்கே பழுது பார்ப்பவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈரக்காற்றும் வியர்வையும் பட்டு டயல் கறைபடுவது நம் ஊர்களில் சாதாரணம். கறைபட்ட டயலைச் சுரண்டி, புதுச் சாயம் பூசி, எழுத்துகளை மறுபடி அச்சிட்டுக் கொடுப்பது நேர்மையான வேலையாகவே இருந்தது. புது உறுப்பு கிடைக்காத காலத்தில், ஓடாத ஒரு கடிகாரத்தின் சக்கரம் இன்னொன்றை ஓட வைத்தது. உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்த அந்த வேலை ஒரு சேவை. அதே கைத்திறன், வாங்குபவருக்குச் சொல்லாமல் ஏலத்துக்குப் போகும்போது மோசடியாகிறது. பழைய மெஷின், மெருகேற்றிய கூடு, புதிதாக அச்சிட்ட டயல் ஆகியவற்றைச் சேர்த்து இந்தியாவிலிருந்து இணையம் வழியே விற்கப்பட்ட கடிகாரங்களுக்கு உலகச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரால் நேர்மையான இந்திய விற்பனையாளர்களும் சந்தேகக் கண்ணுக்கு ஆளாகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

இணைய ஏலம் பிறந்தது 1995 செப்டம்பரில். பியர் ஒமிட்யார் தொடங்கிய ‘ஆக்‌ஷன்வெப்’ தளம் பின்னர் ஈபே ஆனது. அதில் முதலில் விற்ற பொருள் என்று சொல்லப்படுவது, உடைந்துபோன லேசர் சுட்டி ஒன்று, விலை 14.83 டாலர். முகம் தெரியாதவர்கள் பணத்தையும் பொருளையும் மாற்றிக்கொள்ள ஏதாவது பிணை வேண்டுமே என்று, 1996இல் அவர் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்துப் பதியும் முறையைக் கொண்டுவந்தார். அந்த நற்பெயருக்குப் பணமதிப்பு உண்டு என்பதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்தார்கள். 2006இல் வெளியான ஒரு சோதனையில், ஒரே தரமான பழைய தபால் அட்டைகளை ஒரே ஆள் தன் பழைய கணக்கிலும் புதுக் கணக்குகளிலும் விற்றார். நற்பெயர் பெற்ற கணக்குக்கு வாங்குபவர்கள் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

ஆனால் கருத்துப் பதிவோடு விற்பவருக்குப் போடும் நட்சத்திரங்கள் எதற்குச் சாட்சி? பெட்டி ஒழுங்காக வந்ததா, சொன்ன நாளில் வந்ததா என்பதற்கு. டயல் மறுஅச்சா இல்லையா என்பது வாங்கியவருக்கே தெரியாதபோது, அவர் மனநிறைவோடு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இடத்தைத்தான் ஆராய்கிறது. பழைய கார் சந்தையில் வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலையே பேசுவார், நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார், மட்டமானவை மிஞ்சும். இந்தியாவில் சில காலம் இருந்தவர் அகர்லாஃப். கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லை இந்தியப் பெண்கள் பொறுக்கி எடுப்பதையும் அந்தக் கட்டுரையில் உதாரணமாகச் சேர்த்திருக்கிறார். இந்த ஆய்வுக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பழைய கடிகாரச் சந்தையிலும் நல்ல சரக்கைக் காப்பாற்றுவது கல் பொறுக்கத் தெரிந்த வாங்குபவர்களே.

பலர் போட்டி போட்டு விலை ஏற்றினால் பொருள் நல்லதாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் ஆபத்தானது. 2000இல் ஈபேயில் ஓர் ஓவியம் 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்றவரே வேறு கணக்கில் ஏலம் கேட்டது தெரியவந்ததும் விற்பனை ரத்தானது. ஆளோடு நடக்கும் ஏலமும் இதற்கு விலக்கில்லை. 2007இல் ஜெனீவாவில் ஒமேகா கடிகாரங்களுக்கென்றே நடந்த ஏலத்தில் சாதனை விலைக்குப் போன ஒரு பிளாட்டினம் கடிகாரத்தை வாங்கியது ஒமேகா நிறுவனமே என்று பின்னர் செய்தி வந்தது. தன் அருங்காட்சியகத்துக்குப் பழைய கடிகாரம் வாங்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த விலையைப் பார்த்து மற்றவர்கள் சந்தை மதிப்பைக் கணித்தார்கள்.

பிணைகள் அத்தனையும் ஒன்றாகத் தோற்றது 2021 நவம்பரில். ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1957இல் அறிமுகமான ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முதல் வகையைச் சேர்ந்த கடிகாரம் ஒன்று வந்தது. காலத்தால் கறுப்பு டயல் பழுப்பாக மாறியிருந்தது. சேகரிப்பாளர்கள் உயிரை விடும் நிறம் அது. 80,000 முதல் 1,20,000 சுவிஸ் பிராங்க் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 31,15,500 பிராங்குக்கு. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகம். 2023இல் உண்மை வெளிவந்தது. வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்துச் செய்த பொருள் அது என்றும், முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்குண்டு என்றும் நிறுவனமே அறிவித்தது. ஏலத்துக்கு முன் ஃபிலிப்ஸ், ஒமேகாவின் ஆவணக் காப்பகத்தில் கேட்டிருந்தது. மெஷினின் எண்ணும் மாடலும் தேதியும் சரி என்ற பதிலும் வந்திருந்தது. எண்ணைப் பற்றி அந்தக் காகிதம் சொன்னது சரி. அந்த எண்ணைச் சுற்றியிருந்த மற்ற உறுப்புகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அது சாட்சி இல்லை.

பெயர் ஓர் உறுப்புக்குப் பிணை, எண் இன்னொன்றுக்கு, நட்சத்திரங்கள் பெட்டிக்கு. முழுக் கடிகாரத்துக்கும் பிணை, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதுதான். அதைப் படத்தில் தேடலாம். கூடு தேய்ந்து, ஓரங்கள் மழுங்கியிருக்க, டயல் மட்டும் நேற்று அச்சிட்டதுபோல் மின்னினால் இரண்டும் ஒரே வாழ்க்கை வாழவில்லை. எழுத்துகளின் தடிமன் ஒரே சீராக இருக்கிறதா, நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா, சுவிஸ் கடிகாரமென்றால் டயலின் அடியில் இருக்க வேண்டிய ‘ஸ்விஸ்’ என்ற சிற்றெழுத்து இருக்கிறதா என்று பார்க்கலாம். முள்ளில் பூசிய ஒளிர்பொருள் பழுத்து, டயலில் பூசியது வெளுப்பாக இருந்தால் கேள்வி கேட்கலாம். ஒரே விற்பனையாளரிடம் ஒரே மாடல் ஏழெட்டு நிறத்தில், எல்லாம் புதுமெருகோடு இருந்தால் அவை எந்தப் பட்டறையிலிருந்து வருகின்றன என்பது ஊகிக்கக் கூடியதே.

ஏலத்தின் கடைசி நிமிடங்கள் இந்தச் சோதனைக்கு எதிரி. ஈபே போன்ற தளங்களில் முடிவு நேரம் நீளாது; அனுபவசாலிகள் கடைசி விநாடிகளில்தான் கேட்கிறார்கள். அதனால் தன் உச்ச விலையைப் பரபரப்பு தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். மறுஅச்சு டயல் என்று வெளிப்படையாக எழுதி, அதற்கேற்ற விலை சொல்பவரிடம் தயங்காமல் வாங்கலாம். கட்ட ஆசையாக இருக்கும் ஒரு கடிகாரத்துக்கு அந்த விலை நியாயமானதே.

2020இல் ஈபே அமெரிக்காவில் 2,000 டாலருக்கு மேற்பட்ட கடிகாரங்களை நிபுணர்களிடம் அனுப்பிச் சோதிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஜனதாவும் பைலட்டும் அந்த விலையின் பக்கத்தில்கூட வருவதில்லை. எனவே பின்மூடியைத் திறந்து மெஷினையும், மூடியின் உட்புறத்தையும் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேட்பது வாங்குபவரின் வேலை. நேர்மையான வியாபாரிக்கு அது ஐந்து நிமிடக் காரியம். அனுப்ப மறுத்தால் அந்த ஏலத்தை விட்டுவிடலாம். எச்எம்டி கோடிக்கணக்கில் கடிகாரம் செய்த தொழிற்சாலை, அடுத்த வாரமும் ஒரு பைலட் ஏலத்துக்கு வரும்.