அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... உங்க ஏரியாவோட மழை ஜாதகம் - நேற்று, இன்று, நாளை!

பைக் சீட்டுக்கு அடியில் ரெயின்கோட், போனில் தண்ணி லாரிக்காரர் நம்பர். சென்னையின் மேற்குப் புறநகரில் குடியிருக்கிறவர் என்றால் இந்த ரெண்டும் கண்டிப்பா உங்ககிட்ட இருக்கும். டிசம்பரில் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணி, ஜூனில் அதே வீட்டில் காலிக் குடம். 'க்ளைமேட் சேஞ்ச்தான் காரணம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமா? பாதி உண்மைதான். மீதிப் பாதி உங்க ஏரியாவின் பழைய கதையில் இருக்கிறது.

மாசச் சம்பளம் இல்லை, ஃப்ரீலான்ஸ் வருமானம்!

சென்னைக்கு ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மி.மீ. எப்பவும் தூறிக்கிட்டே இருக்கும் லண்டனில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! அப்புறம் ஏன் தண்ணீர்ப் பஞ்சம்?

காரணம், அது வரும் விதம். நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைதான் பிரதானம். நமக்கோ ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் - டிசம்பர் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு, வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் கொண்டுவருவது. அது நம்ம பக்கம் வந்தால் ஜாக்பாட், ஆந்திரா பக்கம் திரும்பினால் அந்த வருஷமே டல். மாசம் பிறந்தால் வரும் சம்பளம் மாதிரி இல்லை. எப்ப வரும், எவ்வளவு வரும்னு தெரியாத ஃப்ரீலான்ஸ் வருமானம் மாதிரி!

200 வருஷ டைரி சொல்வது என்ன?

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைத்தது. சென்னையின் மழைக் கணக்கு 1813 முதல் கிடைக்கிறது. இந்தியாவில் இவ்வளவு நீளமான மழை டைரி வைத்திருக்கும் ஊர்கள் அபூர்வம்.

அந்த டைரியைப் புரட்டினால், மழையின் இந்த மூடு ஸ்விங் இன்றைக்கு நேற்று வந்ததில்லை என்பது புரியும். 1876-78-ல் மழை பொய்த்து, சென்னை மாகாணத்தையே தாது வருஷப் பஞ்சம் உலுக்கியது. 1918 நவம்பரில் ஒரே மாதத்தில் 1,088 மி.மீ. கொட்டியது. ஏறக்குறைய முக்கால் வருஷ மழை 30 நாளில்! இந்தத் தானாக நிகழும் மேடு பள்ளத்தைத்தான் 'காலநிலை ஏற்ற இறக்கம்' என்கிறார்கள்.

பசிபிக் கடல் சூடாகும் 'எல் நினோ'வுக்கும் இதில் பங்கு உண்டு. அது தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் பலவீனமாக்கும். நம் வடகிழக்குப் பருவமழைக்கோ பல நேரம் சாதகம். 2015 பெரிய எல் நினோ ஆண்டு. ஆனா, இதுவும் கேரன்ட்டி கிடையாது. எதிர்மாறான 'லா நினா' இருந்த 2021-லும் சென்னை மிதந்தது.

அப்ப, மாறியது என்ன?

ஒரே மாதத்தில் 1,000 மி.மீ. தாண்டுவது என்பது, 2021 வரையிலான சுமார் 200 ஆண்டுப் பதிவில் நான்கு முறைதான் நடந்திருக்கிறது: 1918 நவம்பர், 2005 அக்டோபர், 2015 நவம்பர், 2021 நவம்பர். கவனிச்சீங்களா? நான்கில் மூன்று, 2005 முதல்! நான்கு சம்பவங்களை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால், அடிப்படை இயற்பியலும் அதே திசையைத்தான் காட்டுகிறது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால், சுமார் 7% கூடுதல் ஈரப்பதத்தைச் சுமக்கும். மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-2015 காலத்தில் சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது. சூடான கடல் புயலுக்குத் தீனி. ஈரமான காற்று மேகத்துக்கு மூலதனம். இதுதான் 'காலநிலை மாற்றம்'. ஊஞ்சல் பழசுதான், அதை இன்னும் வேகமாக ஆட்டிவிடுகிறோம்.

நாலே வருஷத்தில் வெள்ளமும் வறட்சியும்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. பூந்தமல்லியை ஒட்டிய அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட, அடையாறு கரைபுரண்டது. அடுத்த வருஷமே தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62% குறைவு. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வெடித்த சேற்று நிலமாகக் கிடந்தது. அந்த ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. வந்த வழி, நீங்கள் தினமும் லோக்கல் டிரெயின் பிடிக்கும் அதே ஆவடி, அம்பத்தூர் தடம்தான்!

அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால், வழியில் சென்னைக்கு அருகே ஆமை வேகத்தில் நகர்ந்து கொட்டித் தீர்த்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்து, மெஷின்கள் மூழ்கின. அங்கே தினக்கூலிக்கு நிற்பவருக்கு 'க்ளைமேட்' என்பது அந்த வாரச் சம்பளம்.

ஏரிதான் சேவிங்ஸ் அக்கவுன்ட்

ஃப்ரீலான்ஸ் வருமானக்காரருக்கு சேமிப்பு எவ்வளவு முக்கியம்? நம் முன்னோர் அதைப் புரிந்துவைத்திருந்தார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கே 'ஏரி மாவட்டம்' என்று பெயர். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என உங்க ஏரியாவில் ஏரிக்குப் பஞ்சமே இல்லை. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூருக்கு, அங்கிருந்து மாதவரம் பக்கம் என்று சங்கிலித்தொடர். பெரிய மழையைத் தாங்கவும், கோடையைக் கடக்கவும் அது ஒரே ஏற்பாடு.

1964-ல் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது, வீடுகள் வந்தன. ஏரி சுருங்கியதைவிட, ஏரிகளை இணைத்த கால்வாய்கள் ரோடாகவும் மனையாகவும் மாறியதுதான் பெரிய இழப்பு. கால்வாய் அடைபட்டால் ஏரிக்குப் போக வேண்டிய தண்ணி உங்க தெருவுக்கு வரும். ஏரியோ ஜூனில் காலியாக இருக்கும். வெள்ளமும் வறட்சியும் வேறவேற பிரச்னை இல்லை, ஒரே பிரச்னையின் ரெண்டு பக்கம்.

வெயிலும் லேட்டா வரும் காற்றும்

மெரினாவுக்கு மதியமே கிடைக்கும் கடற்காற்று, பூந்தமல்லிக்கு வந்துசேர நேரமாகும். மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று பலமாக இருந்தால் வராமலே போகும். அது வந்து மேலைக்காற்றோடு மோதும் நாட்களில்தான் சாயங்காலம் திடீர் இடிமழை. சென்னையில் 2003 மே மாத இறுதியில் 45 டிகிரி பதிவானது. வயலும் ஏரியும் இருந்த இடத்தில் கான்கிரீட் வந்தபின் ராத்திரியிலும் சூடு இறங்குவதில்லை. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது.

நாளை எப்படி இருக்கும்?

உமிழ்வு மிக அதிகமாகத் தொடர்ந்தால், இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் இந்தியாவின் சராசரி வெப்பநிலை, 1976-2005 காலத்தைவிட சுமார் 4.4 டிகிரி கூடும் என்கிறது அதே 2020 அறிக்கை. கடல்மட்டம் உயர உயர, கூவம் கடலில் வடிவதும் கஷ்டமாகும். அதன் சுமை திருவேற்காடு, நொளம்பூர் வரை தெரியும். 2050-க்குள் கார்பன் சமநிலை என்ற இலக்குடன் சென்னை காலநிலைச் செயல்திட்டம் 2023-ல் வெளியானது. அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை:

* வீடு வாங்கும் முன்: கூகுள் எர்த்தில் அந்த மனையின் பழைய சாட்டிலைட் படங்களைப் பாருங்கள். கிராம வரைபடத்திலும் 'அ' பதிவேட்டிலும் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருக்கிறதா என்று சரிபாருங்கள். 20 வருஷ இ.எம்.ஐ-க்கு முன்னால் இது ஒரு மணி நேர வேலை.
* வாடகைக்குப் போகும் முன்: பக்கத்து மளிகைக் கடைக்காரரிடம் '2015-லயும் 2023-லயும் இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு அண்ணே?' என்று கேளுங்கள். எந்த புரோக்கரும் சொல்லாத பதில் கிடைக்கும்.
* அபார்ட்மென்ட்டில்: மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. தொட்டி இருக்கும், மணலும் ஜல்லியும் அடைத்துப்போயிருக்கும். செப்டம்பருக்குள் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.
* புகாருக்கு: அம்பத்தூர், பெருநகர சென்னை மாநகராட்சியின் கீழ் வருகிறது, எண் 1913. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. சரியான கதவைத் தட்டினால்தான் கால்வாய் தூர்வாரப்படும்.
* அக்டோபர் முதல்: வாட்ஸ்அப் ஃபார்வேர்டை விட்டுவிட்டு, வானிலை ஆய்வு மைய அறிவிப்பையும் அரசின் 'டி.என்.அலெர்ட்' ஆப்பையும் பாருங்கள்.

வானத்திலிருந்து விழுவதை நாம் முடிவுசெய்ய முடியாது. விழுந்தது ஏரிக்குப் போகுமா, ஹாலுக்கு வருமா என்பதில் மட்டும் நமக்குக் கொஞ்சம் கையிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மேப்பைத் திறந்து, உங்க வீட்டுக்குப் பக்கத்து ஏரியையும், அதன் கலங்கல் தண்ணி எந்தத் தெரு வழியா போகணும் என்பதையும் தேடிப் பாருங்க!