துரைக்குத் திருநாள் இல்லை

இங்கிலீஷ்காரர் ஒருவரைப் பிடித்து நிறுத்தி, "உங்கள் தேசியத் திருநாள் எது?" என்று கேட்டுப் பாருங்கள். மனிதர் சற்றுத் திகைத்துப் போவார். பிரெஞ்சுக்காரரைக் கேட்டால் ஜூலை 14 என்பார். அமெரிக்கர் ஜூலை 4 என்பார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன் தூக்கத்தில்கூட ஆகஸ்ட் 15 என்று சொல்லிவிடுவான். உலகத்தின் கால்பங்கைக் கட்டி ஆண்ட பிரிட்டனுக்கு மட்டும் அப்படி ஒரு நாள் சட்டப்படி கிடையாது. இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் நாள் ஏப்ரல் 23. அன்று ஆபீசுக்கும் விடுமுறை இல்லை, பள்ளிக்கும் விடுமுறை இல்லை. நவம்பர் 5-ஆம் தேதி வாணவேடிக்கை உண்டு. ஆனால் அது 1605-இல் பார்லிமெண்டை வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்தவன் பிடிபட்ட கதை. தேசம் பிறந்த நாள் அல்ல.

இதைக் கேட்டவுடன், "ஆகா, எவ்வளவு அடக்கமான ஜாதி!" என்று சிலர் மெச்சிக்கொள்வார்கள். தேசபக்தியை உரக்கப் பேசுவது நாகரிகம் அல்ல என்று அந்த நாட்டில் படித்தவர்கள் கருதுவது உண்மைதான். கயவனின் கடைசிப் புகலிடம் தேசபக்தி என்று டாக்டர் ஜான்சன் 1775-லேயே சொல்லி வைத்தார். சினிமாக் கொட்டகைகளில் படம் முடிந்து ராஜ கீதம் வாசிக்கத் தொடங்குவதற்குள் வாசலுக்கு ஓடிவிட வேண்டும் என்று முண்டியடித்த ஜனங்களும் அந்த நாட்டு ஜனங்கள்தாம்.

ஆனால் நேயர்களே, கப்பலேறி இங்கே வந்தபோது அந்த அடக்கத்தை அவர்கள் மூட்டை கட்டிக் கொண்டுவரவில்லை. தங்கள் வீட்டில் கொண்டாடாத திருநாள்களை நம் வீட்டில் கொண்டாடச் சொன்னார்கள். 1887-இல் விக்டோரியா மகாராணி பட்டமேறி ஐம்பது வருஷம் நிறைந்த ஜூபிலி வந்தது. சென்னையில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது அதன் ஞாபகமாகத்தான். மகாராணி காலமான பிறகு அவருடைய பிறந்த நாளான மே 24-ஐ 'எம்பயர் டே' என்று சாம்ராஜ்ய தினமாக்கினார்கள். 1904 முதல் அதை ஊர் ஊராகப் பரப்பியவர் மீத் பிரபு. குழந்தைகளைக் கொடிக்கு முன் நிறுத்தி வணக்கம் செலுத்த வைத்தால் ராஜ விசுவாசம் வேர்விடும் என்பது அவர் நம்பிக்கை. பிரிட்டிஷ் சர்க்கார் அதை அதிகாரபூர்வமாக ஏற்கவே 1916 ஆயிற்று. முதல் மகாயுத்தத்தில் ஆள் தேவைப்பட்ட சமயம் அது என்பதை மறந்துவிட வேண்டாம்.

1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா வந்தது. அதற்காக இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட தலைகளில் ஓரணாத் தலை ஒன்று உண்டு. அதில் ஒரு பக்கம் ராமேசுவரம் கோயில். பக்கத்திலேயே மன்னரின் முகம். ராமநாத சுவாமி ராஜ விசுவாசத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு தோற்றம்! கடிதம் எழுதுகிற ஏழை எளியவர்கள் எல்லாம் அந்தத் திருநாளை எச்சில் தொட்டு ஒட்டினார்கள்.

நாம் நமக்கென்று ஒரு நாளைக் கொண்டாட முனைந்தபோது என்ன நடந்தது? 1908 மார்ச் 9-ஆம் தேதி விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையானார். அந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கிளம்பினார்கள். அதிகாரிகள் கூடாது என்றார்கள். விழா நடந்தது. மார்ச் 12-இல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. பின்ஹே என்ற நீதிபதி பிள்ளையவர்களுக்கு விதித்த தண்டனை நாற்பது வருஷம். அப்பீலில் குறைந்தாலும், கோவைச் சிறையில் மாட்டைப்போல் செக்கிழுத்த அந்த உடம்பு பழைய உடம்பாகத் திரும்பவில்லை.

மூன்று வருஷம் கழித்து 1911 ஜூன் 22-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா. அதற்கு ஐந்து நாள் முன்னதாக மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் சட்டைப் பையில் இருந்த காகிதம் அந்த முடிசூட்டு விழாவைத்தான் குறிப்பிட்டது. கொலையை நான் போற்றவில்லை. இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் தன் உயிரையும் இன்னொருவர் உயிரையும் வாங்கும் அளவுக்கு அந்நியரின் திருநாள் ஒரு நாட்டின் நெஞ்சை உறுத்தியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அதே வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி டில்லியில் தர்பார் கூடியது. ராஜாக்களும் நவாபுகளும் வரிசையாக வந்து வணங்கினார்கள்.

அந்த 1911-ஆம் வருஷத்தில், தர்பாருக்கு ஒரு மாதம் முன்பு, திருவண்ணாமலையில் வேறொரு காட்சி நடந்தது. வேலூருக்குப் போலீஸ் உத்தியோகத்தில் வந்திருந்த ஹம்ப்ரீஸ் என்ற இளைஞர், காவ்யகண்ட கணபதி முனிவரின் துணையோடு மலையேறி, விருபாட்ச குகையில் இருந்த ரமணரின் எதிரே உட்கார்ந்தார். ஜில்லாவெங்கும் துரைகளின் முன்னே நம்மவர்கள் கைகட்டி நின்ற காலம். இங்கே ஒரு துரை, கோவணம் உடுத்த ஒரு தமிழரின் முன்னே, உலகத்துக்கு நான் உதவ முடியுமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்! பின்னாளில் அவர் போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுத் துறவறம் பூண்டார்.

மறு வருஷம், 1912-இல், பக்தர்கள் ரமணருடைய பிறந்த நாளைக் கொண்டாட விரும்பினார்கள். அவர் அதற்கு இரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தார். பிறந்தவன் யார் என்று முதலில் விசாரிக்கச் சொல்வது அவற்றின் சாரம். பக்தர்கள் பாட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள், ஜயந்தியையும் கொண்டாடினார்கள். அவரும் தடுக்கவில்லை. திருநாள் விஷயத்தில் ஞானிக்கும் ஜனங்களுக்கும் எப்போதும் இப்படி ஓர் ஒப்பந்தம் உண்டு போலும்.

இங்கிலாந்திலிருந்து வந்த வரிசை ஹம்ப்ரீஸோடு நிற்கவில்லை. 1931-இல் பால் பிரண்டன் வந்தார். 1934-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தைப் படித்துவிட்டு, 1935 நவம்பர் 1-ஆம் தேதி மேஜர் சாட்விக் வந்து சேர்ந்தார். வெள்ளி விழா ஆரவாரம் அடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜராக இருந்தவர், செங்கம் சாலை ஓரத்தில் ஆசிரமத்துக்குள்ளேயே ஒரு குடில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாது அருணாசலா என்று பெயர் வந்தது. ஆனாலும் ஜனங்கள் கடைசிவரை 'மேஜர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1947-இல் அவருடைய நாட்டு ராணுவமும் அதிகாரிகளும் கப்பலேறினார்கள். மேஜர் போகவில்லை. 1962-இல் காலமானபோது ஆசிரமத்திலேயே அவருக்குச் சமாதி வைத்தார்கள். ஆதிக்கம் போன பிறகும் ஒருவன் விருந்தாளியாக இருக்கலாம் என்பதற்கு அந்தச் சமாதியே சாட்சி.

இன்னொருவர் ஆர்தர் ஆஸ்பர்ன். ஆக்ஸ்போர்டில் படித்தவர். பாங்காக்கில் ஆசிரியராக இருந்தார். மனைவியையும் மூன்று குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு அவர் சயாம் திரும்பியிருந்த சமயத்தில் ஜப்பான் படை அங்கே புகுந்தது. பிரிட்டிஷ் பிரஜை என்ற ஒரே குற்றத்துக்காக யுத்தம் முடியும்வரை முகாமில் அடைபட்டுக் கிடந்தார். 1945 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஜப்பான் சரணடைந்தது. அதன் பிறகுதான் அவர் திருவண்ணாமலைக்கு வந்து குடும்பத்தைப் பார்த்தார். 'மௌண்டன் பாத்' என்ற ஆசிரமப் பத்திரிகையை 1964-இல் தொடங்கியவர் இவரே.

இந்த ஆகஸ்ட் 15-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். நம்முடைய சுதந்திரத்துக்கு அந்தத் தேதியைக் குறித்தவர் மௌண்ட்பேட்டன் பிரபு. தென்கிழக்காசியப் போரில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர். ஜப்பான் சரணடைந்து இரண்டு வருஷம் நிறையும் நாள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக, நம் திருநாளின் தேதியே ஒரு துரையின் வெற்றி நாள்! நாமாகக் குறித்துக்கொண்ட நாள் வேறு. 1929 டிசம்பரில் லாகூர்க் காங்கிரஸ் பூரண சுயராஜ்யம் என்று தீர்மானித்து, 1930 ஜனவரி 26 முதல் வருஷா வருஷம் சுதந்திர தினம் கொண்டாடச் சொன்னது. 1932-இல் அதே நாளில், ஆர்யா என்ற பாஷ்யம் இருட்டோடு இருட்டாகச் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி, மூவர்ணக் கொடியைக் கட்டிவிட்டு இறங்கினார். பொழுது விடிந்ததும் சர்க்கார் அதை அவிழ்த்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்குப் பின் அதே கோட்டையில் சர்க்காரே மூவர்ணக் கொடியை ஏற்றியது. அன்று ஏறிய கொடியைக் கோட்டை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஜனவரி 26-ஐயும் நாம் கைவிட்டுவிடவில்லை. 1950-இல் குடியரசு பிறக்க அதையே காத்து வைத்திருந்தோம்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இங்கிலீஷ்காரருக்குத் தேசியத் திருநாள் ஏன் இல்லை? அடக்கம் மாத்திரம் காரணம் அல்ல. பசியாற உண்டவன் சோற்றைப் பற்றிப் பாட்டுக் கட்டுவதில்லை. வீட்டுச் சொந்தக்காரன் பட்டாவை வருஷத்துக்கு ஒரு தடவை தெருவில் நின்று வாசித்துக் காட்டுவதில்லை. பறிகொடுத்து, வழக்காடி, மீட்டவனுக்குத்தான் மீட்ட தேதி மனசில் நிற்கும். அவர்கள் யாரிடமிருந்தும் விடுதலை வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே தேதி இல்லை. சாம்ராஜ்யம் கையைவிட்டுப் போகப் போக, சாம்ராஜ்ய தினமும் மெலிந்துகொண்டே போயிற்று. 1958-இல் அதன் பெயரை மாற்றினார்கள். பிற்பாடு மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றுக்கு நகர்த்தினார்கள்.

ஆயினும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. தேசபக்தியைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கத் தயங்காதவர்கள் அங்கே இருந்தார்கள். எடித் காவெல் என்ற நர்ஸ், நேச நாட்டு வீரர்கள் தப்பிப் போக உதவியதற்காக 1915-இல் ஜெர்மானியரால் சுடப்பட்டார். யாரிடமும் வெறுப்போ கசப்போ இருக்கக் கூடாது, தேசபக்தி மட்டும் போதாது என்பது அவர் சாவதற்கு முன் சொன்ன சேதி. 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல், சொந்த மண்ணை நேசிப்பது ஒன்று, அதை அடுத்தவன் தலையில் ஏற்றி வைக்கும் அதிகாரப் பசி வேறொன்று என்று 1945-இல் பிரித்துக் காட்டினார். வருஷா வருஷம் நவம்பர் 11-இல் இறந்த வீரர்களுக்காக இரண்டு நிமிஷம் பேசாமல் நிற்கிறார்களே, அதில் ஆரவாரம் இல்லை, துக்கம் இருக்கிறது.

நம் நாட்டிலும் அந்தத் தராசு இல்லாமல் இல்லை. 1947-இல் ஊரெல்லாம் மிட்டாய் வழங்கியபோது, இது துக்க நாள் என்று பெரியார் ஈ. வே. ரா. அறிவித்தார். அவருடைய தளபதியாக விளங்கிய அண்ணாதுரை, அல்ல, இன்ப நாள் என்று பகிரங்கமாக மறுத்து எழுதினார். இருவரும் அதற்காகச் சிறைக்குப் போகவில்லை. 1908-இல் விழாக் கொண்டாடியதற்குச் செக்கிழுக்க வைத்தார்கள். 1947-இல் விழாவைக் கொண்டாட மறுக்கலாம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. மறுப்பதற்கும் இடம் கொடுக்கிற நாளே சுதந்திர நாள். மறுத்தவனைத் துரோகி என்று ஏசத் தொடங்கினால், மீத் பிரபுவின் மே 24-ஐ ஆகஸ்டுக்கு மாற்றிக்கொண்டோம் என்றுதான் பொருள்.

1938 ஆகஸ்டில் ராஜேந்திர பிரசாதும் ஜம்னாலால் பஜாஜும் ரமணாசிரமத்துக்கு வந்து சில நாள் தங்கினார்கள். சுயராஜ்யத்தை விரும்புவது சரியா என்று பஜாஜ் கேட்டார். சுயநலத்தில் தொடங்கினாலும், உழைக்க உழைக்கப் பார்வை விரிந்து, மனிதன் தன் தேசத்தில் கரைந்துபோகிறான், அது நல்லதே என்ற பொருளில் ரமணர் விடை சொன்னார். பஜாஜ் விடவில்லை. எத்தனையோ தியாகத்துக்குப் பின் சுயராஜ்யம் வந்தால், பாடுபட்டவன் அதைக் கண்டு பூரிக்கலாம் அல்லவா என்று கேட்டார். தன்னைவிடப் பெரிய சக்தியிடம் தன்னை ஒப்படைத்துவிட்டு உழைத்தவனுக்குப் பூரிப்பு எங்கிருந்து வரும் என்று ரமணர் திருப்பிக் கேட்டார்.

பஜாஜ் 1942 பிப்ரவரியில் காலமானார். பூரிக்க வேண்டுமா, கூடாதா என்ற சங்கடமே அவருக்கு ஏற்படவில்லை. வ. உ. சி. 1936-லேயே போய்விட்டார். கொடியைப் பிடித்தபடி அடிபட்டு விழுந்த திருப்பூர்க் குமரன் 1932-லேயே போய்விட்டான். பூரிக்க உரிமை உள்ளவர்களில் எத்தனையோ பேர் பூரிக்க இல்லை. கடையில் வாங்கிய காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு அவர்கள் சார்பில் நாம் பூரிக்கிறோம்.

பூரிக்கட்டும், தவறில்லை. ஞானியின் அளவுகோலை நம்மைப் போன்ற சம்சாரிகளுக்கு வைக்க முடியாது. ஜயந்தி வேண்டாம் என்று பாட்டெழுதியவரே பக்தர்கள் வைத்த ஜயந்திச் சோற்றைத் தள்ளவில்லை. ஆனால் மிட்டாயைக் குழந்தையின் கையில் கொடுக்கும்போது, கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் கதையையும் ஐந்து நிமிஷம் சொல்லிக் கொடுக்கலாம். மிட்டாய் கரைந்துபோகும். கதை கொஞ்ச நாளைக்காவது மனசில் தங்கும்.