வீட்டைச் சுமக்கும் வண்டி

கார் மன்னர் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா, கணவரின் தொழிற்சாலைக் காரை விட்டுவிட்டு வேறொரு நிறுவனத்தின் மின்சாரக் காரை ஓட்டினார். 1914இல் செய்யப்பட்ட அந்த ‘டெட்ராய்ட் எலெக்ட்ரிக்’ இன்றும் அமெரிக்காவின் டியர்பார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. ஒரு நெம்புகோலால் திருப்ப வேண்டும். ஓட்டுபவர் பின்னிருக்கையில் அமர்வார். முன்னிருக்கையைத் திருப்பிப் போட்டால் விருந்தினர்கள் அவர் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே வரலாம். வரவேற்பறைக்குச் சக்கரம் பூட்டியதுபோல.

1900இல் அமெரிக்காவில் தயாரான கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மின்சாரத்தில் ஓடியவை. பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அதில் கை முறிந்தவர்கள் உண்டு. மின்சாரக் காரில் அந்தப் பாடில்லை, புகையில்லை, இரைச்சலில்லை. மருத்துவர்களும் விரும்பி வாங்கினார்கள். ஆனாலும் விளம்பரங்கள் அதைப் பெண்ணின் வண்டியாகவே காட்டின. வேகம் மணிக்குச் சுமார் 40 கி.மீ.; ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 130 கி.மீ. போகலாம். கடைக்கும் தோழி வீட்டுக்கும் போய்த் திரும்ப அது போதும் என்று கணக்கிடப்பட்டது. வர்ஜீனியா ஷார்ஃப் தன் ‘டேக்கிங் த வீல்’ (1991) நூலில் மின்சாரக் காரோடு பெண்மை பிணைக்கப்பட்டதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வண்டியின் எல்லையே பெண்ணின் எல்லையாகவும் ஆக்கப்பட்டது என்று நான் அந்த வரலாற்றை வாசிக்கிறேன்.

தமிழ் வகுப்பறைக்கு இது புதிதல்ல. முல்லைப் பாடல்களில் தேர் தலைவனுடையது, காத்திருப்பு தலைவியுடையது.

ஆனால் எல்லாப் பெண்களும் காத்திருக்கவில்லை. 1909இல் ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண், நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ வரை 59 நாட்களில் பெட்ரோல் காரை ஓட்டிச் சென்றார். கூடப் போன மூன்று பெண்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது. வழி முழுவதும் ஓட்டியவர் ராம்சே மட்டுமே.

1912இல் காடிலாக் காரில் மின்விசையால் இயங்கும் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி சுழற்றும் வேலை ஒழிந்தது. அதே காலத்தில் ஃபோர்டின் பெட்ரோல் கார் 650 டாலர். மின்சாரக் கார் 1,750 டாலர். ‘பெண்களுக்கான சொகுசு’ என்று ஒதுக்கப்பட்ட வசதி ஆண்களின் காருக்குள் நுழைந்தது. மின்சாரக் கார் மெல்ல மறைந்தது.

அது திரும்பி வந்தபோது ஆண்மையின் வேடத்தில் வந்தது. டெஸ்லா நிறுவனம் 2008இல் முதலில் விற்றது இரண்டே இருக்கைகள் கொண்ட பந்தயக்கார் தோற்றத்து வண்டி. 2012 பிப்ரவரியில் ஏழு பேர் அமரும் குடும்ப வாகனத் திட்டத்தை, ‘மாடல் எக்ஸ்’ என்று அறிவித்தது. பலமுறை தள்ளிப்போய் 2015 செப்டம்பரில் அது வாடிக்கையாளர் கைக்கு வந்தது. குடும்பம் என்றதும் கூடவே வந்தது குழந்தை இருக்கை. பின்கதவுகள் பருந்தின் இறக்கைபோல் மேலே விரிந்தன. குனியாமல், கூரையில் தலை இடிக்காமல் குழந்தையை உள்ளே வைக்கலாம் என்பது அந்த வடிவமைப்புக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

இதை நான் கேலி செய்யவில்லை. தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கார்க் கதவோடு மல்லுக்கட்டிய எந்தத் தாய்க்கும் அந்தக் கதவின் அருமை தெரியும். ஆனால் அது அவள் முதுகுவலியைக் குறைக்கிறதே தவிர, ஏன் எப்போதும் அவளே குனிகிறாள் என்று கேட்பதில்லை. 1983இல் கிரைஸ்லரின் மினிவேன் வந்தபோதும் இதுதான் நடந்தது. பெண் தொலைதூரம் ஓட்டினாள். ஆனால் பள்ளிக்கும் விளையாட்டுத் திடலுக்குமாக. மைல்கள் கூடின. போகுமிடம் அவளுடையதாக இல்லை.

பாதுகாப்பிலும் இந்தக் கணக்கு உண்டு. 2017இல் அமெரிக்க அரசின் மோதல் சோதனையில் மாடல் எக்ஸ் எல்லாப் பிரிவிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அச்சோதனை முறைப்படி, நேருக்கு நேர் மோதலின்போது ஓட்டுநர் இருக்கையில் இருப்பது சராசரி ஆணுடல் பொம்மை. சுமார் 49 கிலோ எடையுள்ள சிறிய பெண் பொம்மைக்குப் பக்கத்து இருக்கை. ஓட்டுபவர் ஆண், உடன் வருபவள் பெண் என்பது சோதனைக்கூடத்திலும் தொடர்கிறது.

2025இல் அதே நிறுவனம் சீனாவில் ஆறு பேர் அமரும் நீண்ட ‘மாடல் ஒய் எல்’ காரை விற்கத் தொடங்கியது. இருக்கைகள் கூடிக்கொண்டே போகின்றன. கூடட்டும். 1909இல் புறப்பட்டபோது ஆலிஸ் ராம்சேவுக்கும் ஒரு சின்னக் குழந்தை இருந்தது. அந்த வண்டியில் குழந்தை இல்லை. இன்றைய பெரிய வண்டியின் சாவியை, யாரையும் ஏற்றாமல், எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், ஒரு தாய் எடுத்துக்கொண்டு கிளம்ப முடிகிறதா?