ஒரு சின்னச் சொல்லைத் தேடி

சென்ற மாதம் ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். என் நாவல் ஒன்றில் பெரியப்பாவுக்கு ஓரிடத்தில் இடது கால் ஊனமாம், வேறோர் இடத்தில் வலது கால் ஊனமாம். "எந்தக் கால் என்று தெரிவித்தால் நிம்மதியாகத் தூங்குவேன்" என்று முடித்திருந்தார். பக்க எண்ணை மாத்திரம் குறிப்பிடவில்லை. அவர் நிம்மதியாகத் தூங்கினாரோ என்னவோ, நான் மூன்று இரவுகள் தூங்கவில்லை. நானூறு பக்கங்களையும் புரட்டியதில் வலது கால் அகப்பட்டது. இடது கால் அகப்படவே இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் என் அவஸ்தையைப் பார்த்துச் சிரித்தான். "கம்ப்யூட்டரில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் தேடிவிடலாமே, மாமா!" என்றான். நான் பேனாவால் எழுதுகிறவன். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு பெரிய புஸ்தகத்தில் ஒரு சொல்லைத் தேடும் கஷ்டம் புதிதல்ல. 1230-களில் பாரிஸ் நகரத்தில், ஸென் ஜாக் மடத்தில், ஹியூ என்ற டொமினிக்கன் துறவியின் தலைமையில் சில சந்நியாசிகள் பைபிளுக்குச் சொல்லடைவு தயாரித்தார்கள். எந்தச் சொல் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்ற ஜாபிதா அது. அக்காலத்தில் பைபிள் வசனங்களுக்கு எண் கிடையாது. அதனால் ஒவ்வோர் அத்தியாயத்தையும் மனத்தால் ஏழு கூறாக வெட்டி, ஏழு எழுத்துக்களால் குறித்துக்கொண்டார்கள். ஐந்நூறு துறவிகள் உழைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை பெரிதாவது சகஜந்தானே!

ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், லண்டனில் அலெக்ஸாண்டர் குரூடன் என்ற மனிதர் தன்னந்தனியாக ஆங்கில பைபிளுக்கு அதே வேலையைச் செய்து முடித்தார். 1737-இல் புஸ்தகத்தை ராணி காரொலைனிடம் சமர்ப்பித்தார். அவர் சன்மானத்தை எதிர்பார்த்திருக்க, சில நாட்களுக்குள் ராணி காலமானாள். அடுத்த ஆண்டு குரூடனைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவிட்டார்கள். புஸ்தகம் என்னவோ இன்றுவரை அச்சில் இருக்கிறது.

என் மனத்தை விட்டு அகலாதவர் மற்றொருவர். ரொபெர்த்தோ பூஸா என்ற இத்தாலிய ஜேசு சபைப் பாதிரியார். 1913-இல் பிறந்தவர். கடவுள் எப்படி நமக்குள் இருக்கிறார்? இதைப் பற்றிப் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஞானி தாமஸ் அக்வினாஸ் என்ன சொல்லியிருக்கிறார் என்று ஆராயப் புகுந்தார் பூஸா. 'பிரசன்னம்' என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களைத் தேடினார். அவற்றில் விஷயம் இல்லை. பிறகுதான் அவருக்குப் பளிச்சென்று பட்டது: ரகசியம் முழுவதும் 'இன்' என்ற ஓரசைச் சொல்லில் அல்லவா ஒளிந்திருக்கிறது! 'உள்ளே' என்று பொருள்படும் அந்தச் சொல்லுக்காகப் பதினாயிரம் சீட்டுகளைத் தம் கையாலேயே எழுதினார்.

நமக்கு இந்த யோசனையே தோன்றியிராது. தமிழில் 'இல்' என்பது தனியாக நிற்குமா? 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' அகப்படாமல் நழுவிவிடும்.

பதினாயிரம் சீட்டுக்குப் பின்னும் பூஸாவுக்கு ஆசை அடங்கவில்லை. அக்வினாஸ் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் அடைவு வேண்டும் என்று கிளம்பினார். 1949-இல் நியூயார்க்கில் ஐ.பி.எம். அதிபர் தாமஸ் வாட்ஸனைப் போய்ப் பார்த்தார். "நம் இயந்திரங்களால் ஆகாது" என்று வாட்ஸனின் ஆட்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாதிரியாரோ காத்திருந்த அறையிலிருந்து அந்தக் கம்பெனியின் விளம்பரத் தாளையே கையோடு கொண்டு போயிருந்தார். கஷ்டமானதை உடனே செய்வோம், முடியாததற்குக் கொஞ்சம் கூட நேரமாகும் என்ற அர்த்தத்தில் வீறாப்பு அதில் அச்சாகியிருந்தது. வாட்ஸன் இணங்கினார், ஒரு நிபந்தனையுடன்: 'இன்டர்நேஷனல் பிஸினஸ் மெஷின்ஸ்' என்ற கம்பெனியை 'இன்டர்நேஷனல் பூஸா மெஷின்ஸ்' ஆக்கிவிடக் கூடாது! பாதிரியாரே பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்த கதை இது.

அவர் நினைத்தது சில வருஷங்கள். ஆனது முப்பது. ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களை அட்டைகளில் துளையிட்டாக வேண்டும். இயந்திரம் வரிசைப்படுத்தும், ஆனால் 'இருக்கிறது' என்பதும் 'இருந்தது' என்பதும் ஒரே வேரின் கிளைகள் என்று அதற்கு யார் சொல்வது? அதை மனிதர்கள்தாம் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. 1980-இல் வேலை முடிந்தபோது ஐம்பத்தாறு பெரிய தொகுதிகள் ஆயின. பிறகு எல்லாம் ஒரு தகட்டுக்குள் அடங்கிற்று. 2005-இல், பூஸாவுக்குத் தொண்ணூற்றொரு வயதானபோது, இணையத்தில் ஏறிவிட்டது. பாதிரியார் 2011-இல் மறைந்தார்.

பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அந்தப் பக்கத்தைத் திறக்கச் செய்தேன். சின்னக் கட்டம் ஒன்று தெரிந்தது. 'இன்' என்று தட்டச் சொன்னேன். வரிகள் குபுகுபுவென்று வந்து விழுந்தன. பாதிரியாரின் பதினாயிரம் சீட்டுகளை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பையன் வேறு கேள்வி கேட்டான்: "இவ்வளவையும் யார் மாமா டைப் அடித்தது?"

நல்ல கேள்விதான். மிலானுக்கு அருகே கல்லராத்தே என்ற ஊரில், பழைய நெசவாலை ஒன்றில் பூஸா ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1967 வரை நடந்தது. அட்டை துளைத்தவர்கள் பெரும்பாலும் அங்கே பயின்ற இளம் பெண்கள். பலருக்கு லத்தீன் தெரியாது. புகைப்படங்களில் இயந்திரங்களுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அநேகமாக யார் பெயரும் படத்தின் கீழ் இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் பழைய பெட்டிகளைக் குடைந்து, உயிரோடிருந்த சிலரைக் கண்டுபிடித்துப் பேட்டி கண்டார்கள்.

பையனிடம் இவ்வளவும் சொன்னேன். "அவர்கள் பெயரைத் தட்டினால் வருமா?" என்றான். அந்தக் கட்டத்தில் அக்வினாஸின் சொற்கள்தாம் வரும் என்றேன்.

வாசகருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. இடது கால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவரையே கேட்டு எழுதலாமா என்று பார்க்கிறேன்.