ருத்ராவின் முதல் பிறவி

1992ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மூன்று தமிழ் இளைஞர்கள் சேர்ந்து ஒரு டெத் மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். பாஸ் கித்தார் கதிரசன், டிரம்ஸ் சிவானந்த், கித்தார் பாலா. பாடும் பொறுப்பும் கதிரசனிடமே வந்து சேர்ந்தது. குழுவுக்கு ருத்ரா என்று பெயர். 1994இல் ‘தி பாஸ்ட்’ என்ற டெமோ கேசட் வெளிவந்தது. 1996இல் குழு கலைந்தது.

அடுத்த ஆண்டே, ஆங்கிலத்தில் பெயரிலிருந்து ஓர் எழுத்தைக் குறைத்துக்கொண்டு அவர்கள் திரும்பி வந்தார்கள். 1998இல் முதல் ஆல்பம், 2003இல் ‘குருக்ஷேத்ரா’, 2005இலிருந்து ‘பிரம்மவித்யா’ வரிசை என்று வளர்ந்தார்கள். ‘வேத மெட்டல்’ என்றால் உலகம் முழுக்க மெட்டல் கேட்பவர்கள் முதலில் சொல்லும் பெயர் இன்று அவர்களுடையதுதான். ஆனாலும் என் மனம் நிற்பது அந்த முதல் நான்கு ஆண்டுகளில். மலேசியாவின் பேராக்கில், கித்தா என்கிற ரப்பர்க் காட்டுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கும் இருந்த ஒரு கேள்விக்கு, அவர்கள் அப்போதே விடை கண்டுவிட்டார்கள்.

டெத் மெட்டல் நம் மண்ணில் முளைத்தது இல்லை. கலிபோர்னியாவில் பொசெஸ்ட் என்ற குழுவின் பையன்கள், பள்ளி வயது தாண்டாதவர்கள், 1984இல் ஒரு டெமோவுக்கு ‘டெத் மெட்டல்’ என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ‘செவன் சர்ச்சஸ்’ ஆல்பம். அதே காலத்தில் புளோரிடாவில் சக் ஷுல்டினர் என்ற இளைஞர் 1983இல் மான்டாஸ் என்று தொடங்கிய குழு, டெத் என்று பெயர் மாறி, 1987இல் ‘ஸ்கிரீம் பிளடி கோர்’ ஆல்பத்தைக் கொடுத்தது. மூளைக் கட்டியால் 2001 டிசம்பரில் ஷுல்டினர் இறந்தபோது வயது 34. அவரோடு டெத் முடிந்தது.

இந்த இசையில் கித்தாரின் சுதியை வழக்கத்தைவிடக் கீழே இறக்குவார்கள். டிரம்ஸில் இரண்டு காலும் ஓயாது. ஸ்னேரும் கிக்கும் மாறி மாறி, காதால் எண்ண முடியாத வேகத்தில் விழும். பாடுபவர் குரல்வளைக்குள் உண்மைக் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்நாண்களை அதிரவிட்டு உறுமுவார். சும்மா கத்துவதாகத்தான் வெளியே தெரியும். பயிற்சி இல்லாமல் பத்து நிமிடம் செய்து பார்த்தால் தொண்டை கிழிந்துவிடும்.

அப்போதைய குழுக்கள் பலவற்றின் கோபம் தேவாலயத்தின் மேல். சாத்தானை அழைத்தார்கள், சிலுவையைத் தலைகீழாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்கு இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளைக்கு அதில் ஒரு விடுதலை இருந்திருக்கும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்து மணிச் சத்தத்தில் கண்விழித்த எனக்குச் சாத்தான் யார்? அவனிடம் எனக்குப் பயமும் இல்லை, பகையும் இல்லை. சத்தம் மட்டும் உள்ளே இறங்கிவிட்டது. அந்தச் சத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? எங்கள் கேள்வி அதுதான்.

இந்த இசை பரவிய வழியையும் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்காது, வானொலியில் வராது. ஒருவர் கேசட்டில் பதிந்து அனுப்ப, வாங்கியவர் இன்னொரு கேசட்டில் நகலெடுத்து வேறு நாட்டுக்கு அனுப்புவார். நகலின் நகலில் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். அட்டை ஜெராக்ஸ்தான். தபால் செலவுக்கு அவர்கள் கண்ட வழி ஒன்று உண்டு: தபால்தலை மேல் பசை பூசி அனுப்புவார்கள். முத்திரை மை பசையில் நின்றுவிடும். வாங்கியவர் அதைக் கழுவிவிட்டுத் தபால்தலையைத் திருப்பி அனுப்ப வேண்டும். இது எழுதாத சட்டம். பிரேசிலின் செபுல்டுராவும் சிங்கப்பூரின் ருத்ராவும் முகம் தெரியாதவர்கள் காதில் விழுந்தது இப்படித்தான்.

மலேசியாவில் இந்த இசைக்கு வேறு நெருக்கடிகள். 1992இல் நீளமுடி ராக் பாடகர்களுக்கு அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம்மில் இடமில்லை என்று தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் அறிவிக்க, புகழ்பெற்ற பாடகர்களே முடியை வெட்டிக்கொண்டார்கள். 2001இல் மெட்டலின் இன்னொரு கிளையான ‘பிளாக் மெட்டல்’ பற்றிப் பீதி கிளம்பிப் பள்ளி மாணவர்கள்வரை சோதனைக்கு உள்ளானார்கள். 2006இல் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டல் முஸ்லிம்களுக்கு ஆகாது என்றது. கறுப்புச் சட்டை போட்ட பையன் எந்த இனமானாலும் தெருவில் விழுந்த பார்வை ஒன்றுதான்.

ருத்ரா கண்ட விடை அவர்களுடைய பெயரிலேயே இருக்கிறது. அழிவைப் பாடச் சாத்தானைக் கடன் வாங்க வேண்டியதில்லை. நம்மிடம் அழிக்கும் தெய்வமே இருக்கிறது, அதை வணங்கவும் செய்கிறோம். ரிக் வேதத்து ருத்ரன் வில்லேந்திய சினத்தின் தேவன். சிவன் கோயில் அபிஷேகத்தில் ஓதும் ஸ்ரீருத்ரம், அவனுடைய கோபத்துக்கு வணக்கம் சொல்லித்தான் தொடங்குகிறது. உறுமும் குரலும் அடுக்கடுக்கான முழவும் கேட்கும் பொருள் இதைவிட வேறென்ன? எதிர்த்து நிற்பதே வேலையாக இருந்த ஓர் இசையை வழிபாட்டின் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஆங்கிலப் பாடல் வரிகளுக்கு நடுவே சம்ஸ்கிருத மந்திரம் வந்தது. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் டைரியாநாதன், வேத மெட்டலையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்தையும் பற்றி 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். கேசட் நகலில் பிறந்த ஒன்று பல்கலைக்கழகம்வரை போனதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்த விடையில் எங்கள் தோட்டம் இல்லை. இதை மனத்தாங்கலோடுதான் சொல்கிறேன். 2001இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்துக்கு ‘தி ஆரியன் குருசேட்’ என்று பெயர். 1929 டிசம்பரில் பெரியார் வந்து தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பேசிய ஊர் ஈப்போ. அந்தப் பேச்சின் வெப்பம் தாத்தாக்கள் வழியாக வந்து சேர்ந்த வீடுகளில் அந்தத் தலைப்பு உறுத்தத்தான் செய்யும். இசையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் போன உயரத்தையும் குறை சொல்லவில்லை. உபநிடதத்துக்கு ஏறிப்போன பாதையில் லயத்து ஓரத்து முனியாண்டி விடுபட்டுவிட்டார் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் தோட்டத்துத் திருவிழா இரவில் கேட்டது இதே சத்தம். உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தோல் முனகும், விம்மும். மறுமுகத்தில் நேர்க்குச்சி அடி. தப்பு வேகமெடுக்கும். பூசாரி அரிவாள் மேல் ஏறி நிற்பார், வாயில் சுருட்டு, எதிரே கிடா. பகலில் மங்கும் பால்வாளியுமாகக் குனிந்து நடந்த மனிதர் தண்டலையும் மேனேஜரையும் மறந்து உறுமுவார். அந்தக் குரல் தொண்டையிலிருந்து வருவதில்லை என்று சிறுவயதில் உறுதியாக நம்பினேன். பிறகு டெத் மெட்டல் கேட்டபோது எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. தெரிந்த சத்தம், தெரியாத வாத்தியம்.

முனியாண்டி போன்ற அந்தத் தெய்வங்களை எல்லாரும் திருத்தப் பார்த்தார்கள். சீர்திருத்தக்காரர்கள் மூடநம்பிக்கை என்றார்கள். வசதி வந்தவர்கள் ஆகமக் கோயில் கட்டி, பலியை நிறுத்திப் பொங்கல் வைத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கித்தா போய்ச் செம்பனை வந்து, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோது, சனம் ஈப்போவின் புந்தோங்குக்கும் மற்ற பட்டணங்களுக்கும் பெயர்ந்தது. முனியாண்டி மரத்தடியிலேயே நின்றார், மரம் இருந்தவரை. உறுமி மட்டும் கூடவே வந்தது. தைப்பூசத்தன்று ஈப்போவின் கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் போகும்போது இன்றும் அதுதான் முன்னால் போகிறது.

முதல் ருத்ரா கலைந்த அதே 1996இல் செபுல்டுரா ‘ரூட்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டது. பிரேசிலின் ஷவான்தே பழங்குடியினரின் ஊருக்கே போய், அவர்களோடு உட்கார்ந்து பாடிப் பதிந்தது அதில் இருக்கிறது. மெட்டல் தன் ஊர்ச் சத்தத்தைத் தேடிப் போக முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். புந்தோங்கில் உறுமி மேளக் குழுக்களில் வாசிக்கும் பிள்ளைகளுக்கு எந்த டிரம்மரோடும் மல்லுக்கு நிற்கும் கை இருக்கிறது. அவர்களில் யாராவது கீழ்ச்சுதிக் கித்தார் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, உறுமியின் தேய்ப்பை மைக்குக்கு நெருக்கமாகப் பதிந்து, மதுரை வீரனையும் முனியாண்டியையும் தமிழிலேயே உறுமிப் பாட வேண்டும். டெமோவாக இருந்தாலும் போதும். நான்கு ஆண்டில் கலைந்துபோனாலும் பரவாயில்லை.